பச்சைத் தண்ணீர் காட்டிய வழி

1. மூன்றாம் நம்பர் கிணறு

1930களில் ஒரு கோடைக்காலம். புதுவைத் தண்ணீர் இலாகாவில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறாவது வருஷம். மில் தொழிலாளர்கள் குடியிருந்த தெருக்களில் ஒரே வாரத்தில் வீட்டுக்கு ஒருவர் வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டார்கள். தெருக்குழாய்த் தண்ணீரைச் சீசாவில் பிடித்துப் பரிசோதனைச் சாலைக்குக் கொண்டுபோனேன். சாணத்தில் இருக்கும் கிருமி தண்ணீரில் இருக்கிறது என்றார்கள்.

அந்தத் தெருக்களுக்கு லாஸ்பேட்டைப் பக்கம் இருந்த மூன்றாம் நம்பர் கிணற்றிலிருந்து தண்ணீர் வந்தது. எங்கள் எஞ்சினியர் கபிரியேல் பிரான்சில் படித்து வந்த தமிழர்; நாங்கள் அவரை முசே என்போம். அன்றே கிணற்றை நிறுத்தி, தண்டோரா போட்டு, மாட்டு வண்டியில் பீப்பாய் பீப்பாயாக வேறு தண்ணீர் அனுப்பினார்.

கிணற்றுக்கு இருநூறு அடி தள்ளிச் செங்கேணி என்ற பால்காரம்மாவின் எருமைக் கொட்டகை இருந்தது. பதினொரு எருமைகள். முசே பார்த்ததும் கொட்டகையைக் காலிசெய்ய வேண்டியதுதான் என்றார். அதைச் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்.

செங்கேணியக்கா பால் கறப்பதை நிறுத்தவில்லை. "சாணி மேலதான கெடக்குது தம்பி. உங்க கெணறு எரநூறு அடி ஆழம், நடுவுல களிமண்ணுன்னு நீதான சொன்ன? அது எப்பிடி எறங்கும்?"

 திரும்பிப்போய் முசேயிடம் அப்படியே சொன்னேன். அவர் நியாயஸ்தர். கேள்வி சரிதான், சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார்.

2. சாயப்பொடி

பிரான்சின் மர்சேய் துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்த ஒரு பொடி எங்களிடம் இருந்தது. டப்பாவில் பார்த்தால் சிவப்பு. ஒரு சிட்டிகை போட்டால் குடம் தண்ணீரும் கிளிப்பச்சை. காலையில் அதைக் கரைத்துக் கொட்டகையின் மூத்திரக் கால்வாயில் ஊற்றினோம். கிணற்றுப் பம்பை ஓடவிட்டு, தண்ணீரை வாய்க்காலில் விட்டு, மணிக்கு ஒரு சீசா பிடித்தேன். வந்தாலும் வர மாதக்கணக்காகும் என்று முசே சொல்லியிருந்தார்.

மறுநாள் மத்தியானமே வாய்க்கால் பச்சையாக ஓடியது.

வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் இரண்டு குடத்தோடு வந்து, மஞ்சள் காமாலைக்கு நல்லது என்று மொண்டுகொள்ளப் பார்த்தார். அவரைத் தடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. முசேக்கு ஏக சந்தோஷம். கொட்டகைதான் காரணம் என்று முடிவாகிவிட்டது.

நான் மட்டும் பச்சைச் சீசாவைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். களிமண்ணில் ஓர் அடி இறங்கவே நாள் கணக்காகும். மறுநாளே வந்தது என்றால் நேர் வழி ஒன்று இருக்கிறது. அது எங்கே என்று எனக்குத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த வருஷம், கிணறு தோண்டுமுன் மண்ணைப் பார்க்கப் போர் என்கிற சோதனைத் துளை ஒன்றைக் களிமண்ணைத் தாண்டி ஆழமாகப் போட்டார்கள். பிறகு அதை அடியிலிருந்து களிமண்ணும் சிமெண்டும் போட்டு அடைக்கும் வேலை என்னுடையது. அன்று மாதா திருநாள். ஆட்கள் தேர் பார்க்கப் போக வேண்டுமென்று அவசரப்பட்டார்கள், எனக்கும் ஆசை. துளையின் வாயில் மட்டும் பனம்பலகை ஒன்றைப் போட்டு, மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு, அடைத்தாயிற்று என்று சொல்லிவிட்டேன். அதற்கு அப்புறம்தான் அந்த இடத்தில் கொட்டகை வந்தது.

நான் வாயைத் திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. எருமைகள் போய்விடும், ஓட்டை இருக்கும்.

3. மண்வெட்டி

மறுநாள் காலையில் முசே கொட்டகையை அகற்றும் உத்தரவில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். 

"அந்தோணி, அன்னைக்கே சொல்லியிருந்தா திட்டியிருப்பேன், சிமெண்டும் குடுத்திருப்பேன்," என்றார். "நானும் வந்து பாக்காம கையெழுத்துப் போட்டேன். சரி, மம்பட்டி எடு, போலாம்."

கொட்டகை மூலையில் நானே வெட்டினேன். மூன்றடியில் பலகை இற்றுப்போய்க் கிடந்தது. அதன் நடுவே சாணத் தண்ணீர் கிறுகிறுவென்று சுழன்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

செங்கேணியக்கா எட்டிப் பார்த்தார். ஊர்த் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்ப இத்தினி நாளா எம் மாட்ட ஓட்ட மேலயா நிக்க வச்சிருந்த? ஒண்ணு காலு உட்டிருந்தா நீயா பால் கறந்து ஊத்துவ?" என்றார். முசே முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

சேற்றை வாரி, ஆள் மாற்றி ஆள் களிமண் இடித்து, மேலே சிமெண்டு ஊற்றினோம். கொட்டகைக்குச் சிமெண்டுத் தளம் போட்டு, கால்வாயைக் கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினோம். கிணற்றிலும் குழாய்களிலும் ழாவேல் தண்ணீர் என்கிற கிருமி மருந்தை விட்டுக் கழுவினோம். பத்து நாள் பம்பு நிற்காமல் ஓடியது. இறைத்த தண்ணீர் பள்ளத்தில் குட்டையாகத் தேங்க, பதினொரு எருமைகளும் அந்தக் கோடையை அதில் படுத்தே கழித்தன. அடுத்தடுத்து மூன்று சீசாக்கள் சுத்தமென்று வந்த பிறகு தெருக்குழாய்களைத் திறந்தோம். மில் தெருவில் அதற்குள் எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

முசே மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில் இரண்டு வரி உண்டு: அந்தோணி அடைக்கவில்லை, நான் பார்க்கவில்லை.

பின்னாளில் நான் மேற்பார்வையாளனானபோது, போர் அடைக்கப் போகிறவர்களிடம் ஒன்று சொல்லுவேன். முடியாவிட்டால் அன்று சாயங்காலமே வந்து சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் திட்டுவேன். அதற்கப்புறம் இந்த ஊரில் எந்தக் குழாயிலும் வாய் வைத்து நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கலாம்.