தங்கைக்குப் படைத்த கவுன்

பிறந்த மூன்றாம் நாளே இறந்துபோன என் இளைய மகளுக்குப் படைத்த கவுனை மூத்த மகளுக்குப் போடலாமா?

பொங்கலுக்காக அதன் ஓரத்தில் மஞ்சள் தடவியபோது, அந்த வாசனையில் நான் வளர்ந்த மல்லசமுத்திரத்து வீடு நினைவுக்கு வந்தது. இறந்துபோன என் தங்கைக்கு அம்மாவும் வருடந்தோறும் கவுன் வைத்துக் கும்பிட்டு, அதை எனக்கே போட்டுவிடுவார்.

ஒருமுறை என் தோழி செல்வி, "உனக்கு மட்டும் ரெண்டு கவுனா?" என்று அழுதாள். அம்மா உடனே படைத்த கவுனைக் கழற்றி அவளுக்குப் போட்டார். சற்று நேரத்தில் அவளுடைய அம்மா ஓடி வந்தார்.

"ஏனுங்க, செத்த கொழந்த துணியவா எம்புள்ளைக்குப் போட்டு உட்டீங்க?"

அம்மா அதை வாங்கி, மறுபடி எனக்குப் போட்டார். அன்றுதான் அது முதன்முதலாக உடம்பில் உறுத்தியது.

இப்போது என் நான்கு வயது மகள், "போட்டு உடும்மா" என்று கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். இந்த நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.