அலையைக் கேட்டேன், அம்மா கொடுத்தாள்

அம்மன் அருளால் நல்லா இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் கத்த வேண்டும்போல் இருக்கிறது. சந்தோஷத்தில்தான்!

2002 ஆடி மாதம். நான் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். பிறந்தது பக்கத்து மீனவர் குப்பம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் டிரையத்லான் போட்டிக்கு மூன்று பேரைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அதில் ஒருவன் தேசிங்கு. எங்கள் குப்பத்துப் பையன், காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளி. நீண்ட தூர சாம்பியன்ஷிப்புக்கான தகுதிப் போட்டி மாமல்லபுரம் பக்கம், ஞாயிறு காலை. முதல் ஐந்து பேருக்குத்தான் இடம். அடுத்த வருடம் அவன் வெளிமாநிலப் படகுக்குப் போகிறான். இதை விட்டால் அவனுக்கு வேறு வாய்ப்பே கிடையாது.

போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவன் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு! தலையில் இடி விழுந்தது. தீமிதிக்குக் காப்புக் கட்டினால் அது முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தீமிதியோ அதே ஞாயிறு சாயங்காலம்.

கட்டிவிட்டது அவன் அம்மா கன்னியம்மாக்கா. "இன்னா டீச்சரு, புள்ள ஜெயிக்கணும்னுதானே வேண்டிக்கினு கட்டிவுட்டேன்! பந்தயம் என்னிக்கின்னு எனக்கு இன்னா தெரியும்?" என்று அவளும் அழுதாள்.

குப்பத்து அம்மன் கோயில் பூசாரியிடம் ஓடினேன். "நான் யாரும்மா அவனை அனுப்ப? அம்மனாண்டயே கேளு" என்று நகர்ந்துவிட்டார்.

அதுவரை எனக்குச் சாமியெல்லாம் கும்பிடு போட்டுவிட்டுப் போகிற சமாச்சாரம்தான். அன்று அம்மன் முன்னால் உட்கார்ந்து சண்டையே போட்டேன். "தாயே, அவன் உன் எல்லையை மீற வேண்டாம். பந்தயமும் போகக் கூடாது. கடலைக் கொஞ்சம் எழுப்பு. ஒரு படகுக்கும் சேதம் வரக் கூடாது." மீனவர் வீட்டுப் பெண் வாயில் வரக்கூடாத வேண்டுதல். தெரிந்தேதான் கேட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் அலை எழுந்தது பாருங்கள்! எங்கள் குப்பத்தில் ஒரு படகும் இறங்கவில்லை. எல்லாம் கரையில் பத்திரம். "இன்னா பேஜாருடா இது, தொழிலுக்குப் போவ முடில" என்று எல்லோரும் கடலைத் திட்ட, நான் மட்டும் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிடு போட்டேன். மதியம் பள்ளிக்கு போன் வந்தது. கடல் சரியில்லையாம், போட்டி அடுத்த ஞாயிறாம். வராந்தாவிலேயே குதித்தேன்.

தேசிங்கு தீ மிதித்தான். அவன் நெருப்பைத் தாண்டி வந்ததும் நான் குனிந்து பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஓட வேண்டிய கால் அல்லவா! ஒரு கொப்புளம் இல்லை. "இன்னா டீச்சர், லாடம் கட்டப் போறியா?" என்று சிரித்தான்.

அடுத்த ஞாயிறும் அலை முழுதாக அடங்கவில்லை. மற்றவர்கள் கரையோரத்திலேயே திணற, இவன் ஒவ்வொரு அலைக்கும் அடியில் புகுந்து முதல் ஆளாய்க் கரையேறினான். சைக்கிளில் ஆறு பேர் முந்தினார்கள். எனக்கு உயிரே இல்லை. "தாயே, இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டு விட்டுடாதே" என்று முணுமுணுத்தேன். ஓட்டத்தில் ஒவ்வொருவராகப் பிடித்து, நாலாவதாக வந்து என் காலடியில் விழுந்தான். நான் கத்திய கத்தலில் ஒரு வாரம் தொண்டை கட்டிக்கொண்டது.

இப்போது என் பயிற்சி அம்மன் கோயில் வாசலில்தான் தொடங்குகிறது. உங்களுக்கும் ஒரு கஷ்டம் என்றால் தயங்காதீர்கள். அவளிடம் உரிமையோடு கேளுங்கள். சண்டை போட்டாலும் கோபிக்க மாட்டாள், பெற்றவள்.

சாம்பியன்ஷிப்புக்கு முன் கன்னியம்மாக்கா மறுபடி மஞ்சள் கயிற்றோடு வந்து நின்றாள். "தேதியைச் சொல்லு டீச்சரு. இந்த தபா கேட்டுக்கினுதான் கட்டுவேன்."