இறங்கத் தெரியாத சாம்பியன்

1. ஏற்றம்

காரைக்காலில் மலை கிடையாது. மேடையில் என்னை மலையோட்டச் சாம்பியன் என்று அறிமுகப்படுத்தினால் ஊர்க்காரர்கள் கவலையோடு பார்ப்பது அதனால்தான். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி மலைபோல் குவியும். ஆனால் அந்த மலை லாரியேறிப் போய்விடும். நிலையாக நின்றது தருமபுரத்தில் என் வீட்டருகே இருந்த தண்ணீர் டேங்க் ஒன்றுதான். நாற்பத்தாறு வயதில், தொப்பையோடு, அதன் படிகளில் பயிற்சியைத் தொடங்கினேன்.

டேங்க் ஆபரேட்டர் கோவிந்தராஜ் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஏறுறதுதான் ஏறுறீங்க, தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு பாத்துச் சொல்லிடுங்க சார்."

தினமும் இருபது முறை ஏறி, இருபது முறை தண்ணீர் பார்த்தேன். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்தபடி மாப்பிள்ளை ஊர்வலம்போல வருவேன். இறக்கம் என்பது ஓய்வு என்று நினைத்திருந்தேன்.

முதல் டிரெயில் ரன், அதாவது மலைப்பாதை ஓட்டப் போட்டி, சேலம் பக்கத்து மலையில். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் உச்சியை முதலில் தொட்டவன் நான். அடிவாரத்தை ஒன்பதாவதாகத் தொட்டேன். ஒவ்வோர் அடிக்கும் காலை விறைப்பாக ஊன்றி பிரேக் போட்டதில் முழங்கால் வீங்கிவிட்டது.

"இன்னொரு தடவை இப்படி எறங்கினீங்கன்னா ஓட்டத்தையே மறந்துட வேண்டியதுதான்," என்றார் டாக்டர்.

2. இறக்கம்

வீக்கம் வற்றும்வரை பட்டினச்சேரி கடற்கரையில் நடந்தேன். அங்கே மீன்பிடிக்கும் செல்வராசுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். ஃபைபர் படகு கரை தட்டுமுன் அலைக்குள் குதித்து, அதே வேகத்தில் மணலில் ஓடுவார். முட்டி வலிக்காதா என்று கேட்டேன்.

"வெறைப்பா குதிச்சாத்தானே வலிக்கும். மடக்கி வுழுவணும் சார். நின்னு யோசிச்சா படகு நம்ம மேல ஏறிடும். போயிக்கிட்டே இருக்கணும்."

"நானும் குதிச்சுப் பாக்கட்டுமா?"

"குதிங்க. போனைக் கரையில வெச்சிட்டுக் குதிங்க."

நான்கு மாதம் குதித்தேன். முதல் வாரம் மணலை நிறையத் தின்றேன். மீன் ஏலம் எடுக்க வந்த பெண்கள் ஏலத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அடுத்த ஆண்டு அதே மலை. உச்சியில் நான் இரண்டாவது. முன்னால் சிவப்புப் பனியன்காரர் ஒருவர். இறக்கம் தொடங்கியதும் என் கால் தானாக விறைத்தது. முழங்காலில் பழைய வலி சுருக்கென்றது. டாக்டர் முகம் வந்து போனது. பின்னால் படகு வருகிறது என்று நினைத்துக்கொண்டு முட்டியை மடக்கிவிட்டேன். அதன்பின் ஓடினேன் என்று சொல்ல முடியாது. அடிக்கு ஒரு முறை விழுந்து, அடுத்த அடியில் எழுந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் சிவப்புப் பனியன்காரர் ஒரு பாறையில் காலை விறைப்பாக ஊன்றி நின்று வழி தேடிக்கொண்டிருந்தார். தாண்டிவிட்டேன். அடிவாரத்தில் எனக்கு முன்னால் யாருமில்லை. முழங்காலும் வீங்கவில்லை.

கோப்பையைப் பட்டினச்சேரிக்கு எடுத்துப்போனேன். செல்வராசு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மலை ஏறி ஜெயிச்சீங்களா?"

"எறங்கி ஜெயிச்சேன்."

"எறங்குறதுக்காவா சார் அவ்வளவு தூரம் ஏறுனீங்க?"

அதற்குப் பிறகு ஆறு கோப்பைகள் வாங்கிவிட்டேன். ஓட வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஏறப் பழகும் அளவுக்கு இறங்கவும் பழகுங்கள். டேங்க்கில் இப்போதும் ஏறுகிறேன். கைப்பிடியைத் தொடுவதில்லை. கோவிந்தராஜுக்குத் தண்ணீர்க் கணக்கு முன்பைவிடச் சீக்கிரம் கிடைக்கிறது.