இறக்கை விரிக்காத கார்

கோயில் வாசலில் அன்று இருந்தவர்களைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவரை விட்டுவிட்டாலும் எனக்குத் தூக்கம் வராது. காருக்கு வெளியே ஆறு பேர்: அப்பா, மாமா, கல்யாணப் பெண்ணின் அம்மா, பெண்ணின் அண்ணன், மாப்பிள்ளை, பாதிரியார். உள்ளே இரண்டு பேர்: கல்யாணப் பெண்ணும், அவர் மடியில் பூக்கூடையோடு நானும். மற்றவர்கள் மழைக்குப் பயந்து கோயிலுக்குள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பூக்கூடை பிடிக்க வேண்டிய பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது. அவளுக்குத் தைத்த கவுன் எனக்குச் சரியாக இருந்ததால் மெக்கானிக் மகளுக்கு அந்த யோகம்.

பெண்ணின் அம்மா வட்டக்கானலில் விடுதி நடத்தினார். வாடகை கொடுக்க முடியாத வெள்ளைக்காரர் ஒருவர், பதிலுக்குத் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். பொத்தானை அழுத்தினால் இரண்டு கதவும் பருந்தின் இறக்கைபோல மேலே எழும்பும். எழும்ப வேண்டும். கொடைக்கானல் குளிரில் அதன் எண்ணெய் கெட்டிப்பட்டு, கதவு பாதியில் நின்று யோசிக்கும். மகள் அந்தக் காரில்தான் வந்து இறங்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. கதவைச் சரிசெய்ய அப்பாவோடு ஐநூறு ரூபாய் பேச்சு. பாதி முன்பணம், கதவு ஒழுங்காகத் திறந்தால் மீதி.

அப்பா எண்ணெய்க் குழாய்களைக் கழற்றிவிட்டு லாரியின் ஏர் பிரேக் சாமான்களை மாட்டினார். பின்னால் ஒரு காற்று டாங்க். பஞ்சர் கடையில் நிரப்பிக்கொண்டால் கதவை எட்டு முறை திறக்கலாம், மூடுவது கையால். முதல் தடவை அது புஸ்ஸென்று எழும்பியபோது மாமா விசிலடித்தார். எனக்கோ ஒரே கவலை. "காத்து தீந்துபோனா உள்ள இருக்கவங்க என்னப்பா செய்வாங்க?" என்று மூன்று நாள் நச்சரித்தேன். தொல்லை தாங்காமல் அப்பா, சைக்கிள் பிரேக் கம்பி ஒன்றை இருக்கைக்கு அடியில் கொண்டுவந்து நுனியில் வளையம் வைத்தார். இழுத்தால் பூட்டு விடும். கதவைக் கையால் தூக்கிவிடலாம். கல்யாணக் காலையில் அதை எனக்கும் கல்யாணப் பெண் அக்காவுக்கும் காட்டினார்.

மாமா பதினோரு வருஷம் லாரியில் ஓடியவர். வெள்ளனே எழுந்ததும் டாங்கின் அடித்திருகைத் திறந்து, இரவில் இறங்கிய தண்ணீரை வடித்துவிடுவது லாரிக்காரர் பழக்கம். கூடவே காற்றும் போகும். லாரியில் என்ஜின் ஓடினால் மறுபடி ஏறிக்கொள்ளும். இந்தக் காரில் ஏறாது. கைப்பழக்கத்தில் அன்றும் வடித்துவிட்டார். மிஞ்சிய காற்று, வீட்டில் நாங்கள் ஏறவும், காரை ஓட்டிவந்த அண்ணன் கோயிலில் இறங்கவும் சரியாக இருந்தது. அவர் தன் பக்கத்துக் கதவை அமுக்கிச் சாத்திவிட்டு, தங்கை பக்கம் வந்து கம்பீரமாக நின்றார். அக்கா பொத்தானை அழுத்தினார். நனைந்த பட்டாசுபோல ஒரு சத்தம். கதவு அசையவில்லை.

"ஏலே, டாங்க்கத் தெறந்துவிட்டியா?" அப்பாவின் குரல் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது.

"தெனமும் செய்யிற சோலிதான மச்சான்…"

"லாரின்னு நெனச்சியாக்கும்!"

"எம் மவள டப்பாவுல அடச்சுப்புட்டு மச்சானும் மச்சினனும் பேசிக்கிட்டா நிக்கிறீங்க? வெரசா தெறங்கய்யா!" என்றார் பெண்ணின் அம்மா.

அப்பா எங்களைப் பார்த்து, இழு என்று கையால் காட்டினார். நான் குனிந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இரு பாப்பா." வெளியே அப்பாவுக்குப் புரியாதவர்போலக் கையசைத்தார். அப்பா தலையில் அடித்துக்கொண்டு, சேற்றில் படுத்துக் காருக்கு அடியில் நுழைந்தார்.

"எங்கப்பாவ ஏசுறாங்கக்கா."

"கொஞ்சம் இரு."

பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணன் டயரை உதைத்தார். பீடத்தருகே நிற்க வேண்டிய மாப்பிள்ளை குடையோடு வெளியே வந்திருந்தார். அக்கா அவரோடு அதுவரை ஒரே ஒரு தடவைதான் பேசியிருந்தார். இப்போது கண்ணாடி வழியே அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு குனிந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த அப்பாவின் கால்களுக்குக் குடையைப் பிடித்தார்.

"புதுக் கோட்டு நனையுது மாப்ள!" என்று பெண்ணின் அம்மா கத்தினார்.

"கெடக்கட்டுங்க. அவர் பாத்துச் செய்யட்டும்."

"போதும்" என்றார் அக்கா. தானே குனிந்து வளையத்தை இழுத்தார். இறங்கும்போது என் காதில், "கம்பி ஞாபகம் வரலன்னு சொல்லிருவோம், என்ன?" என்றார். தலையாட்டினேன்.

என்ன போதும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அப்பா தோற்றுப்போனார் என்பது மட்டும்தான் தெரிந்தது. மீதியைக் கேட்கப் போனபோது அந்த அம்மா, "கதவா தெறந்துச்சு? எம் மவளுல்ல தெறந்தா" என்றாராம். நியாயம்தானே என்று அப்பா திரும்பிவிட்டார். அக்கா வேண்டுமென்றே கம்பியை இழுக்காமல் இருந்ததை நானும் சொல்லவில்லை.

அக்காவும் அவரும் இன்றைக்கும் ஒரே குடையில்தான் சந்தைக்கு வருகிறார்கள். பார்க்க நிறைவாக இருக்கும். ஆனாலும் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு மறக்காத கணக்கு ஒன்று உண்டு: அப்பாவுக்கு வர வேண்டியது இருநூற்று ஐம்பது ரூபாய்.