சைவ நாயும் மூன்று நாள் சொதியும்

எங்கள் வீட்டு நாய் சைவம். இதை நாய் சொல்லவில்லை, என் அப்பா சொன்னார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம், கரண்ட் கணக்கெடுக்க வந்தவரிடம், வழி கேட்க நின்றவரிடம், எல்லோரிடமும் சொன்னார்.

"நம்ம வீட்டுத் தம்பி முட்டைகூடத் தொடாது, பாத்துக்கிடும்."

தம்பி என்றால் நாய். பெற்ற மகனாகிய எனக்கு அந்த வீட்டில் வேறு பெயர், மூதி. பிளஸ் டூவில் இரண்டு பாடத்தில் பெயிலாய்ப் போனவனை வேறெப்படிக் கூப்பிடுவது என்று அவர் நினைத்திருக்கலாம். நாய் எந்தப் பரீட்சையும் எழுதவில்லை, அதனால் எதிலும் போகவில்லை.

அப்பா ராதாபுரம் தாலுகா ஆபீசில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருடம் மனிதர்களைக் காக்கவைத்துப் பழகியவருக்கு, சேரன்மகாதேவி வீட்டில் காக்கவைக்க ஆள் இல்லை. அக்கா வேலை பார்த்த ஊரிலிருந்து ஒரு வெள்ளைப் பொமரேனியன் குட்டியைக் கொண்டுவந்து விட்டதும் அந்தக் குறை தீர்ந்தது. சோற்றுத் தட்டை முன்னால் வைத்துவிட்டு, "இரு, நான் சொன்னப்புறம் திங்கணும்" என்று கால் மணி நேரம் உட்காரவைப்பார். நாயும் பட்டா மாற்ற வந்தவனைப் போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். காலையில் குளித்துவிட்டு வந்து அதன் நெற்றியில் திருநீறு பூசுவார். வெள்ளை நாய்க்கு வெள்ளைத் திருநீறு. பூசினாலும் தெரியாது, பூசாவிட்டாலும் தெரியாது. அதைச் சொன்னதற்கு அன்று எனக்கு இட்லி கிடைக்கவில்லை.

நாங்கள் தின்று மிஞ்சியதுதான் அதற்கும். சாம்பார் சோறு, புளிக்குழம்புச் சோறு, உள்ளித்தீயல் சோறு. சின்ன வெங்காயத்துக்கு எங்கள் பக்கம் உள்ளி என்று பெயர். எங்கள் சமையலில் உள்ளி இல்லாத குழம்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு நாள் அம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "நாய்க்கு இதெல்லாம் ஒத்துக்கிடுமா? யாரையாவது ஒரு வார்த்த கேட்டா என்ன?"

"காய்கறியில என்ன இருக்கு?" என்றார் அப்பா. "மனுசனுக்கு ஒத்துக்கிடுது, மாட்டுக்கு ஒத்துக்கிடுது. நாய்க்கு மட்டும் என்ன கொம்பா மொளச்சிருக்கு?"

"மாட்டுக்குத்தாம்ப்பா மொளச்சிருக்கு" என்றேன்.

"எந்திரிச்சுப் போலே, மூதி."

நான் ஓட்டுவது லோடு ஆட்டோ. விடியும் முன் திருநெல்வேலி மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி மூட்டை ஏற்றி வந்து, ஊர்க் கடைகளில் இறக்குவேன். தினமும் உள்ளி மூட்டையைத் தோளில் சுமக்கிற எனக்கும் அது நாய்க்கு ஆகாது என்று தெரியாது. அப்பாவைக் கேலி பேசுகிற வேகத்தில் இதை மறைத்துவிட்டால் அப்புறம் நானும் ஹெட்கிளார்க்தான்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அந்த நாய் சைவம் இல்லை. உவரியிலிருந்து ஒரு மீன்கார அண்ணாச்சி பைக்கில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வருவார். அவர் ஹார்ன் கேட்டதும் அப்பா எழுந்து தெருப்பக்க ஜன்னலைச் சாத்துவார். நாய் ஓடிப்போய் கேட்டருகே உட்காரும். அப்பாவின் கட்டளைக்குக்கூட அப்படி உட்கார்ந்ததில்லை.

"பாத்தியால, மீன்காரனை வீட்டுப் பக்கம் அண்டவிடாம காவல் காக்கான்" என்பார் அப்பா. வாயிலிருந்து எச்சில் ஒழுக ஒழுகக் காவல்.

வாரத்துக்கு இரண்டு தடவை நாயை நடக்கக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கால்வாய்க் கரைக்குப் போவேன். மீன்கார அண்ணாச்சி வண்டியை நிறுத்தி இரண்டு சாளை மீன் எடுத்துப் போடுவார்.

"என்ன தம்பி, ஒங்க வீட்டுப் பிள்ளை இன்னைக்கி விரதமா?"

"விரதம் முடிஞ்சிட்டு அண்ணாச்சி. போடுங்க."

தின்றதும் கால்வாயில் இறக்கி, வாயைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கூட்டி வருவேன். "இவன் ஒருத்தன்தான் வீட்டுல சுத்தம்" என்று அப்பா அதை மோந்து பார்த்து என்னைப் பார்ப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அக்காவுக்குக் கல்யாணம் வந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி விருந்து போட வேண்டும், அது எங்கள் ஆட்களின் வழக்கம். சிறுபருப்பு, தேங்காய்ப்பால், முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பூண்டு, இஞ்சிச்சாறு, கூடவே உரித்த உள்ளி முழுசு முழுசாக. மாப்பிள்ளை வீட்டாரிடம் குறைச்சொல் வாங்கக்கூடாது என்று அப்பா அண்டாக் கணக்கில் வைக்கச் சொன்னார். வந்தது எதிர்பார்த்ததில் பாதி ஆள். வந்தவர்களும் முந்தின நாள் கல்யாணச் சாப்பாட்டிலேயே களைத்துப்போனவர்கள்.

மிச்சச் சொதி எங்கள் பிரிட்ஜிலும் பக்கத்து வீட்டுப் பிரிட்ஜிலும் ஏறியது. இரண்டாம் நாள் நான் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அம்மா ரசத்துக்கு மாறினாள். நாய்க்கு மட்டும் மூன்று நாள், மூன்று வேளையும் சொதிச் சோறு.

"அக்கா கல்யாணச் சொதில்லா. தம்பிக்கும் உரிமை உண்டு" என்றார் அப்பா.

அவர் கவனமே இல்லாத மனிதர் என்று சொல்ல முடியாது. தட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முருங்கைக்காய்த் துண்டை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போடுவார். சக்கை தொண்டையில் மாட்டிக்கொள்ளுமாம். பாவம், வெறும் பருப்பாகத் தெரிகிறதே என்று அந்த இடத்தில் பாத்திரத்தின் அடியிலிருந்து நாலு உள்ளியை அள்ளிப் போடுவார். மெத்தென்று இருக்குமாம். மருந்துச் சீட்டை வாசிக்காமல் மருந்து டப்பாவின் மூடியை மட்டும் துடைத்து வைக்கிற ஜாதிக் கவனம் அது.

நாலாம் நாள் நாய் தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் மீன்கார அண்ணாச்சியின் ஹார்ன் கேட்டது. நாய் காதை மட்டும் அசைத்துவிட்டுப் படுத்தே கிடந்தது. அப்போதுதான் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சூடு" என்று அப்பா முடிவு சொல்லிவிட்டார். "கல்யாண வீட்டு அலைச்சல். ஒடம்பக் குளுத்திட்டா எந்திரிச்சிருவான்."

எங்கள் ஊரில் உடம்பைக் குளிர்விக்க உள்ளியும் மோரும். காலங்காலமாக மனிதர்களுக்குச் செய்கிற வைத்தியம். ஒரு கை உள்ளியை அவரே உரித்து, அவரே இடித்து, மோரில் கலந்து, நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கரண்டியால் ஊற்றினார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. வாழ்நாளில் எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துத் தராத கை. உள்ளி உரித்ததில் அவருக்குக் கண்ணீர் வேறு வந்தது. நாய்க்காக அழுகிறார் என்று அம்மா நினைத்தாள்.

மறுநாள் காலை நாய் கேட்டுக்கு அருகில் தள்ளாடி வந்து சிறுநீர் கழித்தது. கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் போலிருந்தது.

"இன்னும் ரெண்டு நாள் பாப்பம்லே" என்றார் அப்பா.

"ரெண்டு நாள்ல குழி வெட்டணும். வண்டியில ஏறுங்க."

காலிக் கூடைகளுக்கு முன்னால், என் பக்கத்து ஒட்டுச் சீட்டில், தேய்த்த சட்டையோடு அப்பா நாயை மடியில் வைத்து உட்கார்ந்தார். திருநெல்வேலி டவுன் கால்நடை ஆஸ்பத்திரி வரைக்கும் அதன் தலையைத் தடவிக்கொண்டே வந்தார்.  என் மனதில் சாளைதான் ஓடியது. கல்யாணக் களேபரத்தில் போன வாரம் போட்ட மீன் கெட்டதாக இருந்திருக்குமோ, நான்தான் கொன்றுவிட்டேனோ என்று.

டாக்டரம்மா கண்ணைப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். "என்ன சாப்பாடு குடுப்பீங்க?"

அப்பா தொண்டையைச் செருமினார். "சுத்த சைவம்மா. எங்க வீட்டுல முட்டைகூட…"

"வேற ஏதாவது?"

"வேறன்னா? எங்க வீட்டுல வேற கெடையாதும்மா."

சும்மா இருந்தால் வீட்டில் எனக்குச் சோறு உண்டு. ஆனால் டாக்டரம்மா தப்பான நோய்க்கு வைத்தியம் பார்ப்பார், நாய் செத்துவிடும். அதன் கண் அப்போதும் அப்பா முகத்தில்தான் இருந்தது, தின்னலாம் என்று சொல்வாரா என்பது போல.

"சாளை" என்றேன். "வாரத்துல ரெண்டு தடவ. நாந்தான் குடுத்தேன்."

அப்பா திரும்பிப் பார்த்தார். "எத்தனை நாளால?"

"ஒரு வருசமா."

"நான் துந்நூறு பூசுத நெத்தி லே அது."

"நெத்தியில குடுக்கலப்பா, வாயிலதான் குடுத்தேன்."

டாக்டரம்மா கையைக் காட்டி இருவரையும் நிறுத்தினார். "மீன் தின்னா இப்படி வராது. வெங்காயம், பூண்டு குடுத்தீங்களா?"

அப்பாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. "அது காய்கறிதானம்மா. சைவம்லா."

"நாயோட ரத்தத்துக்கு அது தெரியாது சார். பச்சையோ வெந்ததோ, வெங்காயமும் பூண்டும் உள்ள போனா ரத்த அணுவ ஒடைக்கும். அன்னைக்கே காட்டாது, நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் படுக்கும். எவ்வளவு குடுத்தீங்க?"

நான் சொதிக் கதையைச் சொன்னேன். அப்பா பைய, "நேத்து குளுமைக்கு மோர்ல இடிச்சும் குடுத்தேன்" என்றார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட அப்பா தாங்கியிருப்பார்.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ரொம்பக் குறைவாக இருக்கிறது, டிரிப் போடுகிறேன், நாளைக் காலைக்குள் வேறொரு நல்ல நாயின் ரத்தம் ஏற்றினால்தான் பிழைக்கும் என்றார். ரத்தம் கொடுக்கிற நாய் பெரிதாக, நோய் இல்லாமல், ஊசி எல்லாம் போட்டதாக இருக்க வேண்டும். அப்பா தன் ஸ்நேகிதர்கள் இரண்டு பேருக்கு போன் போட்டார். ஒருவர் வீட்டு நாய்க்கு ரத்தம் எடுத்தால் ராசிக்கு ஆகாதாம். இன்னொருவர் கோயிலில் இருப்பதாகச் சொல்லி வைத்தார், பின்னால் டிவி சத்தம் கேட்டது. ஆபீசில் அவருக்கு முன்னால் எழுந்து நின்றவர்கள் இவர்கள்.

நான் மீன்கார அண்ணாச்சிக்கு போன் போட்டேன். அவர் வீட்டில் ஊசி எல்லாம் போட்ட ஒரு பெரிய செவலை நாய் உண்டு. மறுநாள் காலை டவுனுக்கு வருகிற உவரி மீன் வேனில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் அது வந்து இறங்கியது. ஆஸ்பத்திரி வாசலே கடற்கரையாக மணந்தது.

டாக்டரம்மா இரண்டு ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்து, ஏற்றலாம் என்றார். சம்மதக் கையெழுத்துக்கு அப்பாவிடம் பேப்பரை நீட்டினார். அப்பா செவலையைப் பார்த்தார்.

"இது என்ன திங்கும் வே?"

"மீனு, ஆட்டுக்கொடலு, கெடச்சதெல்லாம் திங்கும் அண்ணாச்சி. வெங்காயம் மட்டும் குடுக்கது இல்ல."

"ஏன், ஒமக்கு முன்னமே தெரியுமா?"

"எங்க தெரியும். வெங்காயத்த வதக்குனா நாங்களே தின்னுருவோம்."

ஒற்றை வரி மனுவையும் மூன்று தடவை படித்து அதில் ஒரு குறையைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிய மனிதர், அந்தப் பேப்பரைப் படிக்கவே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, செவலை நாய் ஊசிக்கு முறுக்காமல் இருக்க அதன் முன்னங்காலைத் தானே பிடித்துக்கொண்டார். கையில் மீன் எண்ணெய் ஒட்டியது. வேட்டியில் துடைத்தார்.

நாய் பிழைத்தது. ஒரு வாரத்தில் வாலை ஆட்டியது, ஒரு மாதத்தில் பழையபடி குரைத்தது.

இப்போது அப்பா அதற்குத் தனிச் சட்டியில் சமைக்கிறார். கேரட், பீன்ஸ், பூசணி, உப்பில்லாமல் வேகவைத்து, மசித்து. பாயசத்தில் கிடக்கிற உலர்திராட்சையும் நாய்க்கு ஆகாது என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து, வீட்டில் பாயசம் வைத்தால் வீட்டுக் கதவைச் சாத்தி நாயை வாசலில் நிறுத்துகிறார். காய்கறி மட்டும் போதாது, முட்டையும் வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைப் பின்பக்கம் துவைகல்லுக்கு அந்தப் பக்கம் அடுப்புக் கூட்டி நான்தான் அவிக்க வேண்டும். அப்பா அதன் பெயரை வாயால் சொல்வதில்லை. "அந்த உருண்டை குடுத்தியால?" என்பார். என்னை மூதி என்பது அப்படியேதான் இருக்கிறது, அதற்கு எந்த டாக்டரும் மருந்து எழுதவில்லை.

போன வாரம் சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் நின்றார். அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"நம்ம வீட்டுத் தம்பி வெங்காயம், பூண்டுகூடத் தொடாது, பாத்துக்கிடும்."

"அப்ப ஐயர் வீட்டு நாய்னு சொல்லுங்க" என்றார் அவர்.

அந்த நேரம் தெருமுனையில் ஹார்ன் கேட்டது. நாய் பாய்ந்து போய் கேட்டருகே உட்கார்ந்தது. மீன்கார அண்ணாச்சி பைக்கை நிறுத்தி, கம்பிக்குள் கைவிட்டு அதன் தலையைத் தடவினார்.

"என்ன அண்ணாச்சி, நம்ம வீட்டு ரத்தம் எப்படி இருக்கு?"

சிலிண்டர்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜன்னல் பக்கம் எழுந்து போனார். சாத்தப்போகிறார் என்று நினைத்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஏலே மூதி, நாயை நடக்கக் கூட்டிட்டுப் போ. வரும்போது வாயைக் கழுவிக் கூட்டிட்டு வா."