ராணியைக் கொடுத்தவள்

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. அந்த வீட்டுக்கு மூத்த மருமகள். பெரியவள் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். லேசில் அழ மாட்டாள், கோபப்பட மாட்டாள். பொறாமை மட்டும் தாராளமாக வரும். அதை அவளே ஒத்துக்கொள்வாள், வேறு யாராவது சொன்னால்தான் சண்டை.

இப்போது அவளுடைய பொறாமையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல். ஜன்னலோரம் செஸ் போர்டுக்கு இந்தப் பக்கம் கிடக்கும் நாற்காலி. எதிர் நாற்காலி மாமனாருடையது. அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான புதிதில், மனிதர் இரண்டு பக்கமும் தானே காய் நகர்த்திக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பாவம் என்று எதிரில் போய் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் ஓர் ஆட்டம் ஆடாமல் அவளுக்குப் பொழுது போகாது.

ஆட்டத்தில் ராணியைப் பறிகொடுத்தால் மாமனார் சாப்பிடாமல் உம்மென்று இருப்பார். அதனால் அவள்தான் வீட்டுக்கென்று ஒரு சட்டம் போட்டாள்: ராணியை வெட்டப் போகிறவர் "ராணி" என்று சொல்ல வேண்டும், கேட்டவர் விரும்பினால் தன் கடைசி நகர்த்தலைத் திருப்பிக்கொள்ளலாம்.

பிறகு வந்து சேர்ந்தாள் கொழுந்தனின் மனைவி, சின்னவள். சிரித்த முகம். அவளுக்கும் செஸ் தெரிந்து தொலைத்தது. பகலெல்லாம் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள், இடையில் ஓர் ஆட்டம் போட்டுவிடுவாள். பெரியவள் பையை மாட்டிவிட்டு வந்து நிற்கும்போது மாமனார் சோம்பல் முறிப்பார்.

"இன்னிக்கு ஆடியாச்சும்மா. சின்னவ என்ன போடு போடறா தெரியுமா!"

வயிறு பற்றி எரிந்தது. ஒருநாள் கேட்டே விட்டாள். "அப்ப எனக்கு எப்ப மாமா?"

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஆடுங்க. ஜெயிக்கிறவ இனிமே என்கூட ஆடட்டும்" என்றார் அவர் விளையாட்டாக. அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடையில் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் தேடித் தேடி ஒரு கேம்பிட்டைப் பிடித்தாள். ஆரம்பத்திலேயே ராணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ராஜாவை மடக்குகிற வழி. சின்னவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிராளியின் குதிரை நகர்ந்தால் பின்னால் நிற்கும் ராணி போய்விடும் என்கிற மாதிரி மந்திரியைக் குறுக்கே கொண்டு வந்து நிறுத்துவாள். இந்த வழிக்கு அதுதான் தேவை. லென்ஸ் தேய்க்கும்போதுகூடப் பெரியவளின் உதடு குதிரை, மந்திரி, குதிரை என்று முணுமுணுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் தன் நாற்காலியையே சின்னவளுக்குக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அதைப் பார்த்தும் ஒரு பொருமல். பெரியவளுக்கு வெள்ளை. சின்னவள் மந்திரியைக் கொண்டு வந்து நிறுத்தினாள். பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குதிரையைத் தூக்கிப் பாய்ச்சி நடுச் சிப்பாய் ஒன்றை வெட்டினாள். ராணிக்கு வழி திறந்துவிட்டது.

சின்னவள் மந்திரியின் மேல் விரலை வைத்தாள். "ராணி, அக்கா."

பெரியவளுக்குப் பகீரென்றது. தானே போட்ட சட்டம் அவளுக்கு மறந்தே போயிருந்தது! திருப்ப மாட்டேன் என்றால் சின்னவளுக்குச் சந்தேகம் வந்துவிடுமே.

"திருப்பிக்கோம்மா. கவனிக்காம ஆடிட்ட" என்றார் மாமனார்.

"வேணாம் மாமா. எடுக்கட்டும்."

"பாவமா இருக்குக்கா. திருப்பிக்கோங்க."

பாவமாம்! அந்த ஒரு சொல்லில் பெரியவளுக்கு உச்சி குளிர்ந்திருந்தால் அவள் பெரியவளே இல்லை. "எனக்கென்ன கண்ணா தெரியல? எடும்மா."

சின்னவள் தயங்கித் தயங்கி ராணியை எடுத்தாள். பெரியவளின் மந்திரி பாய்ந்து ராஜா பக்கத்துச் சிப்பாயை வெட்டியது. செக். ராஜாவுக்குப் போக ஒரே கட்டம்தான் இருந்தது, போனது. இன்னொரு குதிரை நடுவில் வந்து குதித்தது. அவ்வளவுதான், செக்மேட்.

மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "அடேயப்பா! ராணியக் குடுத்துட்டு இல்ல ஜெயிச்சிருக்கா!"

சந்தோஷத்தில் பெரியவளுக்குக் காது மடல் சூடானது. காய்களை மறுபடி அடுக்கக் கை நீட்டினாள், மாமனாரோடு ஆட.

"இருடா சின்னவளே, மூஞ்சியத் தொங்கப்போடாத" என்றார் மாமனார். "நீ எங்க கோட்டை விட்டன்னு நான் காட்டறேன்." ஸ்டூலை விட்டு எழுந்தார். பஸ்ஸில் ஆட்களை நகர்த்தும் அதே குரலில், "பெரியவளே, கொஞ்சம் எழுந்திரு. சீட்டை விடு" என்றார்.

அவள் எழுந்தாள். அவர் உட்கார்ந்தார். தோற்றவளும் அவரும் போர்டின் மேல் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். சற்று நேரத்தில் சின்னவளின் சிரிப்புகூடக் கேட்டது. ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது. பெரியவள் அதில் உட்காரவில்லை.

அடுத்த வாரம் தோற்றுத்தான் பார்ப்போமே என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் அந்தச் சிரித்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து தோற்பதை நினைத்ததுமே அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.