ஆடி முடியட்டும் என்றவள்

பதுளைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரம் எங்களுடையது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நகர சபைக்காரர்கள் என் தையல் கடை வாசலில் குப்பை அள்ளுவதை நிறுத்திவிடுவார்கள். அந்தக் குப்பையை அள்ளுகிறவள்தான் பாக்கியலெட்சுமி.

தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள். சபையில் தெருக் கூட்டிய வீரசிங்கத்தைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். அவர் நெஞ்சு வலியில் போன பிறகு அவர் வேலை இவளுக்குக் கிடைத்தது. என் கடைக்கு எதிரே இருக்கும் சபை லயத்தில்தான் குடியிருப்பு. லயம் என்றால் தெரியுமே, சுவரோடு சுவர் ஒட்டிய அறைகள். கடைசி அறையில் மகன் நிமலனும் மருமகள் கம்சலாவும் இருந்தார்கள். அந்த அறையின் தகரத்துக்கு மேல் ஒரு கிழட்டு மாரா மரம் சாய்ந்து நின்றது.

மரத்தடியில் கறையான் புற்றொன்று இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தது. சபையில் மரம் பார்க்கும் ஓவசியர் மொஹிதீன் ஒரு நாள் வந்து அடிமரத்தைத் தட்டிப் பார்த்தார். உள்ளே கோறை விழுந்துவிட்டது என்றார். புற்றை உடைத்து மருந்து ஊற்ற வேண்டும், தகரத்துப் பக்கம் சாய்ந்த கிளைகளை இறக்க வேண்டும். அதற்கான சல்லியை அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தில் போட்டால்தான் உண்டு.

எங்கள் சபையின் வரவு செலவுத் திட்டத்தை நீங்கள் பார்த்ததில்லை. தெருவிளக்கு, விளையாட்டு மைதானம், மணிக்கூண்டுக்குப் பெயின்ட். மரத்துக்கு ஓட்டு இல்லை, அதனால் மரத்துக்குச் சல்லியும் இல்லை. ஆனால் பாக்கியலெட்சுமி விடவில்லை. சபை மண்டபத்தைக் கூட்டிவிட்டு வாசலிலேயே நிற்பாள். உறுப்பினர் யார் வெளியே வந்தாலும் பிடித்துக்கொள்வாள்.

"என் புள்ள தலைக்கு மேல நிக்குதுங்க. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்களேன்."

அவள் தொல்லை தாங்காமலே ஒருவர் வந்து பார்த்தார். மரங்களுக்கென்று கொஞ்சம் ஒதுக்கினார்கள். அன்று அவள் என் கடைக்கு வந்து சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

ஒதுக்கியது உடனே கைக்கு வருமா? விலை கேட்டு, அனுமதி வாங்கி, மருந்தடிக்கிற ஆளைப் பிடித்து, எல்லாம் முடிய ஆடி மாதம் பிறந்துவிட்டது.

அதற்குள் கம்சலா கர்ப்பமாகியிருந்தாள். ஏற்கெனவே இரண்டு தடவை கலைந்த வயிறு. பாக்கியலெட்சுமி பயந்துபோனாள். தோட்டத்தில் விடியற்காலை பேர் பதியும் பெரட்டுக்குப் போகிற அவசரத்திலும் புற்றைக் கண்டால் நின்று கும்பிட்டுவிட்டு ஓடியவள் அவள். லயத்துப் பெண்கள் அந்தப் புற்றுக்கு எப்போதோ மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அம்மனாக்கிவிட்டார்கள். பிள்ளை தங்க வேண்டும், ஆடி வெள்ளிதோறும் பால் ஊற்றுகிறேன் என்று இவளும் நேர்ந்துகொண்டாள். மரத்தைத் தின்கிற கறையான் இருப்பதும் அங்கேதான், பிள்ளை வரம் கேட்கிற அம்மன் இருப்பதும் அங்கேதான். அவள் என்ன செய்வாள்?

மொஹிதீன் ஆட்களோடும் மருந்து டின்களோடும் வந்து இறங்கியபோது, அவளே மண்வெட்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஆடி முடியட்டுங்க ஐயா. வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா. இப்பப் போய் புத்துல கைய வைக்க வேணாங்க."

"பாக்கியம்மா, நீங்கதானே கேட்டு வாங்கினீங்க? சல்லி காத்துக்கிட்டு நிக்காது. வேற வேலைக்குத் தூக்கிருவாங்க."

"ஒரு மாசந்தானுங்களே. அதுக்குள்ள எங்க போயிரப் போகுது?"

அவர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனார். சாமி விஷயத்தில் ஒரு முஸ்லிம் அதிகாரி எவ்வளவுதான் வாய் திறப்பார்?

ஆடி முடிந்த கையோடு அவள் சபைக் கந்தோருக்கு ஓடினாள். அந்த மாத மழையில் ஆஸ்பத்திரி ரோட்டு மதகு இடிந்துபோயிருந்தது. மரத்துச் சல்லி மதகுக்குப் போய்விட்டது. குறை சொல்லவும் வழியில்லை. மதகு இடிந்தது உண்மை, நோயாளிகள் போக ரோடு வேண்டும். அடுத்த வருடத் திட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். அவள் மறுபடியும் மண்டப வாசலில் நிற்க ஆரம்பித்தாள்.

ஐப்பசி மழையில் மரம் விழுந்தது. நல்ல பகல். கம்சலா கிளினிக்குக்குப் போயிருந்தாள். பதுளை பஸாரில் மூட்டை தூக்குகிற நிமலன் மழையால் வேலையில்லாமல் வீட்டில் படுத்திருந்தான். பாக்கியலெட்சுமி என் கடை வாசலில் மழைத்தண்ணீர் ஓடும் கானின் அடைப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்த்தாள். கடைசி அறை இருந்த இடத்தில் இலைதான் தெரிந்தது.

சபையின் வாள் மெஷின் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. அவசரத்துக்கு வரவு செலவுத் திட்டம் தேவையில்லையாம். நிமலனைப் பதுளைக்குக் கொண்டுபோனோம். உயிரோடு கொண்டுவர முடியவில்லை.

மார்கழியில் பிள்ளை பிறந்தது. பெண், கொழுகொழுவென்று. நான் ஒரு சட்டை தைத்து எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். லயத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். பக்கத்து அறை விசாலாட்சி நல்ல மனதோடுதான் சொன்னாள்:

"பாத்தியா பாக்கியம், அம்மா ஒன்னக் கைவிடல. கேட்டதக் குடுத்துட்டா."

பாக்கியலெட்சுமி பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஆமா விசாலம், கேட்டதக் குடுத்துட்டா. புள்ள தங்கணும்னுதான் கேட்டேன். நிமலனுக்குன்னு ஒண்ணும் கேக்கல. அவன்தான் நல்லா இருக்கானேன்னு விட்டுட்டேன்."